சும்மா இருக்கும் கை

சிவப்பு சிவப்போடு, கருப்பு கருப்போடு. இதைச் சொல்லிக்கொள்ள ஒரு பல் டாக்டர் தேவையில்லை, எல்கேஜி பிள்ளை போதும். ஆனாலும் செவ்வேள் வாய்விட்டே சொல்லிக்கொண்டார், சிவப்பு சிவப்போடு, கருப்பு கருப்போடு, சொல்லிக்கொண்டே பேட்டரி வயரின் நுனியை இன்னொரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, கிளினிக் கிடையாது, சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை மடித்து விரித்து அதன்மேல் வண்டி. முழங்கை நீளத்துக்கு ஒரு லாரி, ரிமோட்டில் ஓடுவது, பெட்டியில் உதிரி உதிரியாக வந்ததை மாதக்கணக்கில் உட்கார்ந்து அவரே பூட்டியது. அச்சு, கியர், ஸ்பிரிங், சக்கரம் எல்லாம் ஏறியாயிற்று. மிச்சம் இருப்பது வயர் வேலை மட்டும்தான். மோட்டாருக்கு இரண்டு வயர். அதை மாற்றிக் கொடுத்தால் வண்டி முன்னால் போவதற்குப் பதில் பின்னால் போகும், சிரித்துவிட்டுத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். பேட்டரி வயர் அப்படியில்லை. அதை மாற்றிக் கொடுத்தால் மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடும் சின்னப் பெட்டி, ஈஎஸ்சி என்று இப்படி வண்டி ஓட்டுகிறவர்களின் குழுவில் எல்லோரும் சொல்வது, ஒரு கண்சிமிட்டலில் புகைந்துவிடும், அத்தோடு தீர்ந்தது. பேட்டரியும் லேசுப்பட்டதில்லை. லித்தியம் சமாச்சாரம், வெள்ளிக் காகிதம் சுற்றிய சாக்லெட் கட்டி மாதிரி சாதுவாகப் படுத்திருக்கும், சிவப்பும் கருப்பும் தெரியாத்தனமாக ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஊதிப் பெருத்துத் தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்து எரிந்த வண்டிகளின் வீடியோக்களை ஒன்றுக்குப் பத்தாகப் பார்த்து வைத்திருந்தார். பயப்படுவதற்கென்று பார்த்தவர் அவர். பேட்டரித் தீயைப் பற்றிப் பயப்படுவதில் ஒரு சுகம் இருந்தது, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டால் போதும், அந்தப் பயத்துக்கு மருந்து உண்டு. மணல் வாளி நாற்காலிக்குக் கீழே இருந்தது. அதைக் காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சால்டரிங் அயர்ன் சூடேறும்வரை என்ன செய்வது? அதுதான் சங்கடம். சூடேற இரண்டு மூன்று நிமிஷம் ஆகும், அதுவரை கைக்கு வேலை இல்லை. வலது கையை உடனே ஒரு ஸ்குரூ டிரைவர்மேல் போட்டார், அதை உருட்டினார், கீழே வைத்தார், வயர் வெட்டியை எடுத்தார், திறந்து மூடினார். கை வேலை செய்தபடி இருக்கவேண்டும். வேலை செய்யும்போது அந்தக் கைக்கு ஒன்றுமே இல்லை, கல்லுப் போல் நிற்கும், வேர் சிகிச்சையில் தலைமுடி கனத்துக் கம்பியைப் பல்லின் உள்துவாரத்தில் இறக்கும்போது கொஞ்சமும் பிசகாது, நேற்றுக்கூட ஒன்று செய்தார், அந்தப் பையன் எழுந்து கண்ணாடியில் பார்த்துவிட்டு வலிக்கவே இல்லை என்றான். சும்மா இருக்கும்போதுதான். சும்மா, மடிமேல், நாற்காலிக் கைப்பிடிமேல், ஒரு வேலையும் இல்லாமல் கிடக்கும்போதுதான் அது தொடங்கும். முதலில் கட்டைவிரல். பிறகு ஆட்காட்டி விரல் அதோடு சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் ஒரு நாள் சின்னியம்பாளையத்து அம்மா ஒருவருக்கு அச்செடுக்கும் பசை வாயில் இறுகக் காத்திருந்தார், கை அந்த அம்மாவின் மோவாயில் சும்மா கிடந்தது, அந்த அம்மா வாயைத் திறக்க முடியாமல் கண்ணை மட்டும் உருட்டி அவர் கையைப் பார்த்தார். பசையை எடுத்ததும் முதல் வார்த்தையாக, “டாக்டருக்குக் குளுருதுங்களா? ஏசியக் கொறச்சுக்கோங்க சாமி” என்றார். அவரும் குறைத்தார். குளிர்தான் என்று ஆள் இல்லாத அறையில் தனக்கே ஒரு தடவை சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து கையைச் சும்மா விடவில்லை. சாவிக்கொத்து, பேனா, சட்டைப்பை, பஸ்ஸில் போனால் கம்பி, கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் தாம்பூலப் பை. யாரும் கவனிக்கவில்லை. சுறுசுறுப்பான மனிதர் என்று சொன்னார்கள். இந்த லாரி வந்ததும் அதற்காகத்தான், ஞாயிற்றுக்கிழமைகள் பொல்லாதவை, நாள் முழுக்கக் கை சும்மா கிடக்கும். மரகதத்திடம், பள்ளிக்கூட வயதிலேயே ஆசைப்பட்டது என்று ஒரு பொய் சொன்னார், அவளும் நம்பினாள், கட்டுங்க, நல்லா கட்டுங்க என்றாள். வேலையை இழுத்து இழுத்துச் செய்தார். லாரியின் கூட்டுக்கு ஒரு தடவை பச்சை அடித்து, பிடிக்கவில்லை என்று துடைத்து, மறுபடி நீலம் அடித்து, அதையும் துடைத்தார். அப்படியும் வண்டி முடிந்துகொண்டு வருகிறது. இன்றைக்கு வயர் வேலை முடிந்தால் எல்லாம் முடிந்தது, பிறகு எதைப் பிடித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அயர்ன் சூடேறிவிட்டது. நுனியில் ஈயத்தைத் தொட்டதும் உருகி மினுங்கியது. ஆ, இது போதும், இது வேலை. பேட்டரியைச் செருகும் மஞ்சள் நிற இணைப்பின் குழிக்குள் முதலில் ஈயம் வைத்தார், வயர் நுனிக்குச் சால்டரிங் பசை தடவி ஈயம் ஏற்றினார், பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடு காட்டினார், வயர் குழிக்குள் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது, அயர்னை எடுத்துவிட்டு ஈயம் மங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பிடித்தார். அசையவில்லை. பார், அசையவே இல்லை! இந்தக் கைக்கா வியாதி? அப்பாவுக்கு இப்படியா இருந்தது? அப்பாவுக்கு வேறு மாதிரி. அப்பா கணக்கு வாத்தியார், கரும்பலகையில் வட்டம் போட்டால் கவராயம் வைத்தது போல் இருக்கும், அந்தக் கையின் எழுத்து வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது, நடுக்கம் வருவதற்கு வெகு நாள் முன்னாலேயே. பின் பெஞ்சுப் பையன்கள் தெரியலைங்க சார் என்று கத்தினார்கள், அவரோ அந்தப் பையன்களுக்குக் கண் கோளாறு என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். பிறகுதான் கை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ நிமிண்டிக்கொண்டே இருக்கும். விபூதி எடுக்கிறார் என்றுதான் சின்ன வயதில் செவ்வேள் நினைத்தார், இத்தனைக்கும் அப்பா கோயிலுக்கே போகாதவர், பையனுக்கு முருகன் பெயரையும் அது சங்கத் தமிழ் என்பதற்காக மட்டுமே வைத்தவர். நடுக்குவாதம். ஆஸ்பத்திரியில் சொன்ன இங்கிலீஷ் பெயர் வேறு, அந்தப் பெயரை அவர் மனதுக்குள்கூடச் சொல்வதில்லை, அந்தப் பெயர் வருகிற இடத்தில் ஒரு தாண்டு தாண்டிவிடுவார். பெரும்பாலும் அது பரம்பரையாக வருவதில்லை. படித்தவர், அவருக்குத் தெரியும். பெரும்பாலும். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மழைக்காலத்திலிருந்து நாளைத் தள்ளுகிறார். போன வாரம் மருந்துக்கடைக்காரர் சீட்டை மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, “எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதறீங்களே டாக்டர், கொஞ்சம் பெருசா எழுதப்படாதா?” என்று கேட்டதை அவர் நினைக்கப் போவதில்லை. டாக்டர்கள் கையெழுத்து அப்படித்தான் இருக்கும். அடுத்தது கருப்பு. கருப்பு கருப்போடு.

“ஏனுங்க, என்னங்க நாத்தம் இது? வீடு முழுக்க ஒரே கருகல்! மூச்சு முட்டுதுங்க, சன்னலையாச்சும் தொறக்கப்படாதா?” என்று மரகதம் உள்ளறையிலிருந்து ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவள், ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு எண்ணெய்க் குளியல். அவரிடம் பதில் எதிர்பார்க்காமலே ஜன்னலின் இன்னொரு கதவையும் தள்ளித் திறந்தாள், மின்விசிறியைக் கூட்டினாள். “குங்கிலியம் எரிச்ச மாதிரி அடிக்குதுங்க. நீங்க எப்படித்தான் அதுக்குள்ளயே உக்காந்திருக்கீங்களோ.”

“பழகிப்போச்சு அம்மிணி. இதா முடிஞ்சுது” என்றார். புகை அவர் முகத்துக்கு நேரேதான் எழுந்துகொண்டிருந்தது, கண்ணால் பார்த்தார், மூக்குக்கு நேராக நூல் நூலாக. மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாக இழுத்தார், இருமல் வந்தது, வாசனை வரவில்லை. மரகதம் சமையலறைக்குள் போய்விட்டாள். பசை டப்பாவை எடுத்து மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டார், தண்ணீரை மோந்து பார்த்தது போல இருந்தது. வருஷக்கணக்காக முகக்கவசம் போட்டு வேலை பார்ப்பவருக்கு மூக்கு மந்தமாகத்தான் இருக்கும். ஜலதோஷம்கூட இருக்கலாம், எங்கே, மூக்கு ஒழுகவில்லை, அடைக்கவும் இல்லை. ஜலதோஷமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அப்பா ஒரு நாள் ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பெருங்காயம் போடமாட்டியா நீ என்று அம்மாவைச் சத்தம் போட்டார், அம்மா போட்டிருந்தாள், கட்டிப் பெருங்காயம், தெருவரைக்கும் வீசியது, அவள் அடுப்படியில் நின்று அழுதாள், எதற்கு வந்த சண்டை என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. இந்த வியாதியில் மூக்குதான் முதலில் போகும் என்று பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தபோது அவருக்கு அந்த ரசம் ஞாபகம் வந்தது. இன்று காலை காபி எப்படி இருந்தது? சூடாக இருந்தது. நேற்று? நேற்றும் சூடாக இருந்தது. கடைசியாக ஒன்றை எப்போது மோந்தோம்? மல்லிகை, டீசல், மழை விழுந்த மண், கிளினிக்கின் கிராம்புத் தைலம், கிராம்புத் தைலத்தை எப்போது மோந்தோம்? கருப்பு வயரை எடுத்தார், ஈயம் வைத்தார், பிடித்தார். கை கல்லுப் போல் நின்றது. அதைப் பார்த்து இப்போது அவருக்குத் தைரியம் வரவில்லை.

இனி இணைக்க வேண்டியதுதான். ரிசீவர் என்பது தீப்பெட்டியில் பாதி, ரிமோட் காற்றில் அனுப்பும் சொல்லை வாங்கி வண்டிக்குச் சொல்வது. முதல் துளையில் முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோவின் வயர், இரண்டாம் துளையில் ஈஎஸ்சியின் வயர். மோட்டாரின் தடித்த வயர்களைச் சேஸிஸின் ஒரு பக்கமாக ஓட்டி, ரிசீவரின் மெல்லிய வயர்களை மறுபக்கமாக ஓட்டவேண்டும், இரண்டும் உரசிக்கொண்டு கிடந்தால் சொல் கலங்கிப்போகும், சர்வோ துடிக்கும், இது குழுவின் தலைவர் பெனடிக்ட் ஒவ்வொரு புது ஆளிடமும் ஓதுவது. பெனடிக்ட் ஓய்வு பெற்ற பாங்க் மேனேஜர், ஊருக்கு வெளியே வறண்டு கிடக்கும் குளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓட்டுகிற கூட்டத்துக்கு அவர்தான் எல்லாம். அவர் ஓதுகிற இன்னொன்று: ரிமோட்டை முதலில் போடணும், வண்டியைப் பிறகு, அணைக்கும்போது வண்டியை முதலில், ரிமோட்டைக் கடைசியாக. ஆள்பவன் தூங்கும்போது வண்டி விழித்திருக்கக்கூடாது. ரிமோட்டை மட்டும் அணைத்துவிட்டு ஒரு ஆள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவன் வண்டி தானாகக் கிளம்பிக் குளத்து முட்புதருக்குள் இறங்கிய கதையை அவர் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள், செவ்வேளும் சிரித்தார், தானாகக் கிளம்பியது என்ற இடத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. மல்டிமீட்டரை வைத்துச் சிவப்பையும் கருப்பையும் சோதித்தார். மறுபடி சோதித்தார். வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று தேடினார், வயர்களைக் கட்டிய பட்டிகளில் நீட்டிக்கொண்டிருந்த வாலை நறுக்கினார், நறுக்கிய முனைகளைத் தேய்த்தார், தேய்த்த தூளை ஊதினார். ஒன்றும் பாக்கி இல்லை. சக்கரங்கள் தரையில் படாமல் வண்டியை ஒரு டப்பாமேல் ஏற்றி வைத்தார். ரிமோட்டைப் போட்டார். பேட்டரியைச் செருகினார். புகையவில்லை. பீப் என்றது. ரிசீவரின் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி, ரிமோட்டை அடையாளம் கண்டுகொண்டு, நின்று எரிந்தது. ரிமோட் துப்பாக்கிப் பிடி மாதிரி இருக்கும், இடது கையில் விசை, வலது பக்கம் சின்ன ஸ்டியரிங் வளையம். வளையத்தை வலப்பக்கம் திருப்பினார், முன்சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பின. இடப்பக்கம் திருப்பினார், இடப்பக்கம். அடேயப்பா! விசையை லேசாக அழுத்தியதும் பின்சக்கரங்கள் கிர்ரென்று சுழன்றன. அந்த ஒரு நொடி பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, வாய்விட்டுச் சிரித்தார், விசையை விட்டார், விரல்களை வளையத்தின்மேல் சும்மா வைத்துக்கொண்டு தன் வண்டியைப் பார்த்து நின்றார். முன்சக்கரங்கள் நேராக வந்து நின்றன. பிறகு, யாரும் கேட்காமல், மெதுவாக, ஒரே சீராக, இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கின.

வயர். வயர்தான். வேறென்ன? மோட்டார் வயர் பக்கத்தில் எங்கோ உரசுகிறது, சர்வோ துடிக்கிறது, பெனடிக்ட் சொன்னதேதான். வண்டியை அணைத்து, பிறகு ரிமோட்டை அணைத்து, பட்டிகளை எல்லாம் வெட்டி எறிந்தார், ரிசீவரைப் பிடுங்கி முன்பக்கம் கொண்டுபோனார், வயர்களை இன்னும் தள்ளி ஓட்டினார், சர்வோவின் செருகியைக் கழற்றி ஊதி மாட்டினார். காலையில் தப்பு நடந்துவிடக்கூடாதே என்று நடுங்கியவர் இப்போது எங்காவது ஒரு தப்புச் செய்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார், ஒரு நல்ல தப்பு, கண்ணால் பார்க்கிற தப்பு, ஈயம் சரியாகப் பிடிக்காத ஒரு முனை, கிள்ளுப்பட்ட ஒரு வயர். வேண்டிக்கொண்டது யாரிடம் என்று தெரியவில்லை, கோயிலுக்கே போகாத அப்பாவின் மகன் அவர். ரிமோட்டைப் போட்டார், பேட்டரியைச் செருகினார். வளையத்தைத் திருப்பும்போது சக்கரம் சொன்னபடி கேட்டது. விரலைச் சும்மா வைத்ததும் நடுங்கியது. விரலைப் பார்க்கக் கூடாது என்று சக்கரத்தையே பார்த்தார், சக்கரத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பெனடிக்டைக் கூப்பிட்டார், போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் சாய்த்து வைத்தார்.

“சர்வோ ஆடுதா? பயப்படாதீங்க டாக்டர், நூத்துக்குத் தொண்ணூறு ரிசீவர் வயரிங்தான். எடம் மாத்திப் பாத்தீங்களா?” என்றார் பெனடிக்ட். பின்னால் குளத்தில் வண்டிகள் ஓடும் சத்தம் கேட்டது.

“பாத்துட்டேனுங்க. அப்பவும் ஆடுது.”

“செரி, ஒண்ணு பண்ணுங்க. ரிமோட்ட டேபிள் மேல வெச்சிட்டுக் கைய எடுத்துருங்க. சுத்தமா எடுத்துருங்க. இப்பவும் ஆடுதா?”

இது தெரியாதா அவருக்கு? முதல் நிமிஷத்திலேயே தெரியும். ரிமோட்டைக் கீழே வைக்க எத்தனை இடம் இருந்தது, வைக்கவில்லை. இப்போது வைத்தார். அது போர்வையில் உட்கார்வதற்கும் முன்பே சக்கரங்கள் நேராக நின்றுவிட்டன. ஆணி அடித்தது போல நின்றன. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆடு, ஒரு தடவை ஆடு என்று மனதுக்குள் கெஞ்சினார், ஆடவில்லை.

“டாக்டர்? லைன்ல இருக்கீங்களா?”

“நின்னுருச்சுங்க” என்றார்.

“அப்ப வண்டில ஒண்ணுமில்ல. ரிமோட் வளையம் லூசா இருக்கலாம். வீட்ல யாரையாச்சும் ஒரு நிமிசம் புடிக்கச் சொல்லுங்க, தெரிஞ்சு போயிரும்.”

மரகதம் கொத்தமல்லிக் கட்டும் கையுமாக வந்து நின்றிருந்தாள், பெனடிக்டின் குரல் சமையலறைவரைக்கும் கேட்கும். “நாம் புடிக்கறனுங்க, குடுங்க” என்று கொத்தமல்லியை மேசையில் வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தாள். எங்கே விரல் வைக்கவேண்டும் என்று அவர்தான் காட்டினார். இதைக் காட்டுகிறோமே என்று தோன்றியது, காட்டினார். அவள் வளையத்தின்மேல் விரல்களைச் சும்மா வைத்துக்கொண்டு, அடுத்தது என்ன என்பது போல் அவரைப் பார்த்தாள். முன்சக்கரங்கள் நேராக இருந்தன. அவள் மூச்சு விட்டாள், நெற்றியில் விழுந்த ஈர முடியைத் தோளால் தள்ளினாள், காலை மாற்றி நின்றாள். சக்கரங்கள் நேராகவே இருந்தன. பிறகு தானாகவே வளையத்தைத் திருப்பிப் பார்த்து, “அய்யோ, திரும்புதுங்க!” என்று சிரித்தாள், “நல்லாத்தானுங்க இருக்குது? எதுக்குங்க இத்தன நேரம் கழட்டி மாட்டிட்டு இருந்தீங்க?”

“சிஸ்டர் கையில நிக்குதா?” என்று பெனடிக்ட் கத்தினார். “அப்பச் செரி! வயரிங் சுத்தமா இருக்குது டாக்டர், மொத வண்டிக்கு இப்படி யாரும் பண்ணதில்ல, கையக் குடுங்க! வாற ஞாயித்துக்கெழம குளத்துக்குக் கொண்டாந்துருங்க.” போன் அணைந்தது.

மரகதம் இன்னும் சக்கரத்தை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டு, இதைக் கீழே விட்டு ஓட்டலாமா, தரையெல்லாம் கோடு விழுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய வலது கை வழக்கம் போல ஸ்குரூ டிரைவரைத் தேடிப் போய் எடுத்துவிட்டது. மூடுவதற்கு ஒரு மூடி, முறுக்குவதற்கு ஒரு திருகு, எதுவும் இல்லை. இன்னொரு பொய் சொல்லலாம், வாயிலேயே இருந்தது, வளையம் லூசு, புது ரிமோட் வாங்கிக்கொள்ளலாம். நாளைக்குக் காலையில் முதல் ஆளாக ஒரு சின்னப் பெண், கடைவாய்ப்பல், வாயைத் திறந்துகொண்டு அவரை நம்பிப் படுத்திருப்பாள். இன்னும் எத்தனை நாள் அந்தக் கை வேலை நேரத்தில் மட்டும் சொல்பேச்சுக் கேட்கும்? ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். அதைத் தள்ளியும் வைத்தார்.

“அம்மிணி, அத வெச்சிட்டு இங்க உக்காரு” என்றார்.

“ஏனுங்க, என்னாச்சு?”

நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைப் போர்வைமேல், அவளுக்கு முன்னால், உள்ளங்கை தெரிய வைத்தார். மழைக்காலத்துக்குப் பிறகு அந்தக் கையை ஒருவர் முன்னால் சும்மா வைத்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை, அவள் ஒன்றும் புரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைவிரல் தொடங்கியது. ஆட்காட்டி விரல் சேர்ந்துகொண்டது. அவள் குனிந்து பார்த்தாள். மாமனாரைக் கடைசி மூன்று வருஷமும் ஸ்பூனால் ஊட்டிப் பார்த்துக்கொண்டவள் அவள், அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எனக்குப் பயமா இருக்குது அம்மிணி” என்றார் செவ்வேள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.